வாலிபாலுக்கு ஆள் பார்க்கப் போனது

வாலிபால் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பந்தைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடிக்கிறவனின் கையைப் பார்ப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன். ஒருவன் எவ்வளவு உயரம் எகிறுகிறான் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எகிறினவன் எப்படி இறங்குகிறான் என்று பார்க்கத்தான் மில் எனக்குப் பஸ் சார்ஜ் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது.

மில்லில் என் வேலை, ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீசில். அதற்கு முன்னால் மில் டீமில் சென்டரில் ஆடினேன். சென்டர் என்றால் நெட்டுக்கு நடுவில் நிற்கிறவன். எதிராளி ஓங்கி அடிக்கும்போது கூடவே எகிறி இரண்டு கையையும் சுவராக நிறுத்த வேண்டும். நெட்டை ஒட்டிச் சின்னதாகத் தூக்கிப் போடும் பந்தை அடிக்கவும் வேண்டும். பந்து தனக்கு வராது என்று தெரிந்தாலும் வருகிற மாதிரி எகிறி எதிராளியை ஏமாற்ற வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கைதட்டெல்லாம் ஓரத்தில் நின்று ஓங்கி அடிக்கும் ஷூட்டருக்குப் போய்விடும். என் முட்டி போனபோது அப்போதிருந்த மேனேஜர் மனசு இரங்கி டைம் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அடுத்து வந்தவர் அந்த ரகம் இல்லை. எங்கள் ஷூட்டர் ஒருவனுக்குத் தோள் போனதும், அடுத்த வாரமே கணக்கை முடித்துக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்.

ஒரு வருசம் எங்கள் சென்டர் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். காலியான இடத்துக்குக் கல்லூரிப் பையன் ஒருவனைப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். டாக்டர், பரீட்சை என்றெல்லாம் இழுக்க அவருக்குப் பொறுமை இல்லை; நான் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். எடுக்கப்படுகிற பையனுக்கு மில் வேலையும் குவார்ட்டர்சும் உண்டு. அறுபதுகளில் மானாவாரிக் காட்டை நம்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அது லாட்டரி விழுந்த மாதிரிதான்.

நான் இருந்தது திருப்பூர் ராயபுரத்தில், அலாவுதீன் ராவுத்தரின் பனியன் கம்பெனிக்கு மேலே ஒற்றை அறையில். என் மனைவி ரங்காத்தாள் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. மறுபடி கட்டிக்கொள் என்று சொன்னவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வாரம் முழுக்கக் கீழே மெசின் ஓடும். அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே படுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மெசின் நின்றுவிட்டால் அறைக்குள் இருப்புக் கொள்ளாது. ஆள் பார்க்கிற வேலையை நான் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதற்கு வாலிபால் மட்டும் காரணம் இல்லை. பஸ் ஏறினால் பக்கத்தில் யாராவது வந்து உட்காருவார்கள்.

பொங்கியண்ணனை நான் பார்த்தது கல்லூரி மைதானத்தில். ஒட்டடைக்குச்சி உடம்பு, நீளக் கை. மூன்றாவது பந்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஷூட்டர் அடிக்கப் போகும் பக்கத்தை அவன் முன்கூட்டியே மோப்பம் பிடித்து அங்கே போய் நின்றான். தன் பங்குக்கு அடித்த பந்து விழுந்ததும் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பந்துக்குத் தயாரானான். பந்து வராது என்று தெரிந்த இடத்திலும் முழு மனசோடு எகிறினான். அந்தப் பொய் எகிறலை முழு மனசோடு செய்கிற பையன்கள் அபூர்வம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் அவன் வலது காலில்தான் இறங்கினான். ஒவ்வொரு தடவையும். இடது கால் ஒரு நொடி தாமதித்துத் தரையைத் தொட்டது. பழக்கமாக இருந்தால் பயிற்சியில் சரி பண்ணிவிடலாம். பழைய அடியாக இருந்தால் இரண்டு வருசத்தில் ஆள் காலி. ஆட்டம் முடிந்து கேட்டபோது, "ஒண்ணுமில்லீங்க, பழக்கமுங்க" என்றான். மில் வேலை கண்ணெதிரே நிற்கும்போது எவன்தான் முட்டி வலிக்கிறது என்று சொல்வான்? ஊரில் போய் விசாரிப்பது என்று முடிவு செய்தேன். அங்கேதான் கூத்து ஆரம்பமானது.

அவன் ஊர் அவிநாசிபாளையத்துக்கு உள்ளே. பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, பொங்கியண்ணன் வீடு எது, பையன் எப்படி, உடம்புக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். நான் எந்த ஊர் என்று கேட்டார். அடுத்து நான் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்டார். காடை கூட்டம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையன் வீட்டார் பயிரன் கூட்டம். ஒரே கூட்டமாக இருந்தால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. வேறு கூட்டத்துக்காரன், வயசானவன், வெளுத்த வேட்டி கட்டியவன், கல்யாண வயசில் இருக்கும் ஒரு பையனின் உடம்பைப் பற்றி விசாரிக்கிறான். அவருக்கு வேறென்ன வேண்டும்?

நான் அவசரமாக, மில்லிலிருந்து வாலிபாலுக்கு ஆள் பார்க்க வந்தேன் என்றேன்.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் கடைக்காரர். "பொண்ணு ஊட்டுக்காரங்க நேராவா சொல்லுவாங்க. போன மாசம் எங்க பங்காளி பையனைப் பாக்க வந்தவரு எருமை வாங்க வந்தேன்னாருங்க. பந்துங்கறது புதுசா இருக்குதுங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவன் வந்த காரியத்தை வெளியே சொல்ல மாட்டான். அதனால் நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. விசாரிக்க வந்தவனிடம் ஒரு பையனைப் பற்றிக் குறை சொல்லிக் கல்யாணத்தைக் கலைப்பது பெரிய பாவம். அந்த ஊரில் அன்று நான் கேட்ட ஒவ்வொருவரும் பொங்கியண்ணனுக்குச் சளிகூடப் பிடித்ததில்லை என்றார்கள். ஒரு கிழவர், அவன் பிறந்ததிலிருந்து அழுததே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

அவன் அம்மா முத்தாத்தாள் வாசலுக்கு வந்து கை கூப்பினாள். அதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. கணவனை இழந்தவள், காட்டு வேலையில் காய்த்த கைகள். நான் மில்லில் வேலை செய்கிறவன் என்றதும் சம்பந்தத்துக்குத் தோதான இடம் என்று முகத்திலேயே கணக்குப் போட்டுவிட்டாள். பந்து விளையாடுவதற்காக மில்லில் வேலை கொடுப்பார்கள் என்றபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் அவளிடம் இதைப் பற்றி மூச்சு விட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

சாப்பிடாமல் எழ விடவில்லை. வாழை இலை போட்டு, சுடுசோற்றில் பருப்பை ஊற்றி, நெய்யை வழிய வழிய விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். போதும் போதும் என்று நான் இலையை மறைத்தபோது, "ஊட்டுல அக்கா வெக்கற ருசி வராதுங்க, கோவிச்சுக்காம சாப்புடுங்க" என்றாள். இலையை மறைத்த கையை எடுத்துவிட்டேன். எத்தனை வருசமாக ஓட்டலில் டோக்கன் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன். என்னை ஒரு வீட்டு மனிதனாக, யாரோ ஒருத்திக்குப் புருசனாக, யாரோ ஒருத்திக்கு அப்பனாக நினைத்து அன்றைக்குத்தான் ஒருவர் சோறு போட்டார்.

தண்ணீரும் மோரும் கொண்டுவந்து வைத்தது ஒரு பெண். தன் அண்ணன் மகள், பேர் பூவாத்தாள், ஒத்தாசைக்கு வருவாள் என்று முத்தாத்தாள் சொன்னாள். அண்ணன் நொடித்துப்போனவர் என்பதையும் போகிற போக்கில் சொன்னாள். பூவாத்தாள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மோர்ச் சொம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸுக்குத் திரும்புகிற வழியில், இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரிப் பாதையில், அவள் ஒரு புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"ஏனுங்க, உங்க பொண்ணு நல்லா இருக்கோணும்னுதான் சொல்றேனுங்க. அவருக்கு எடது முட்டி சரியில்லீங்க. போன வருசம் கெணத்துப் படியில வழுக்கி உழுந்துட்டாரு. மழை புடிச்சா வீங்கிக்கும். யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க பொண்ணை இங்க குடுக்காதீங்க."

ஒரு ஊரே சேர்ந்து மூடி வைத்ததை இந்தப் பெண் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். எதற்காக என்பதும் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மாமன் மகள், உரிமைக்காரி. எங்கிருந்தோ ஒரு கிழவன் வெள்ளை வேட்டியில் வந்து தன் மகளுக்கு அவனைக் கொத்திக்கொண்டு போகிறான் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"அம்மிணி, எனக்குப் பொண்ணு இல்லை" என்றேன். "பெத்துக் குடுக்க இருந்தவளும் செத்துப் போயிட்டா. நான் மெய்யாலுமே மில்லுல இருந்து பந்தாட ஆள் பாக்கத்தான் வந்தேன்."

காலையிலிருந்து ஊரே நம்பாததை அவள் அந்த நொடியே நம்பினாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவன் எவனும் செத்துப்போனவளைப் பற்றி வாயெடுக்க மாட்டான். புல்லுக்கட்டைக் கீழே போட்டாள்.

"மில்லுங்களா? எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க. மில்லுக்காரரு ஒருத்தரு பாத்திருக்காரு, எடுத்துக்குவாருன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் சொன்னது பூராப் பொய்யிங்க. அவரு காலு நல்ல காலுங்க" என்றாள்.

"வேலை கெடைச்சா உங்க அத்தை உன்னைக் கட்டி வெக்குமா?"

"வெக்காதுங்க. டவுன்ல பெரிய எடமாப் பாக்கும்."

"அப்புறம் எதுக்குப் பொய்யின்னு சொல்றே?"

"அவரு போவட்டுமுங்க" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. புல்லுக்கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு நடந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. நல்லது சொன்னவர்களும் கல்யாணத்துக்காகச் சொன்னார்கள்; கெட்டது சொன்னவளும் கல்யாணத்துக்காகவே சொன்னாள். அதில் எதை எடுத்துக்கொள்வது? அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் வேறு வகை. தனக்குக் கிடைக்கவிருந்ததைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்தப் பையன் மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். என் முட்டிக்காக யாரும் பொய் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு கல்லூரிகளுக்கு இடையிலான கடைசி ஆட்டம். காலையில் நல்ல மழை. மத்தியானம் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு, கோடு போட்டு ஆடினார்கள். பொங்கியண்ணன் பிரமாதமாக ஆடினான். எதிர்த்தரப்பு ஷூட்டரை அவன் நிறுத்தின விதத்தைப் பார்த்து, கைதட்டுகிற வழக்கம் இல்லாத நானே தட்டிவிட்டேன். ஆனால் என் கண் அவன் காலை விட்டு நகரவில்லை. ஆட்டம் நீள நீள இடது கால் இன்னும் தாமதித்தே தரைக்கு வந்தது.

ஆட்டம் முடிந்து வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தவன் முன்னால் போய்க் குந்தி, கேட்காமலேயே முட்டியில் கையை வைத்தேன். கொதித்தது. முட்டிக் கிண்ணத்துக்குக் கீழே நீர் கோத்து மெத்தென்று இருந்தது. என் முட்டியும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எங்க ஊருக்கு வந்தது நீங்கதானுங்களா?" என்று கேட்டான். "அம்மா யாரோ பொண்ணு ஊட்டுக்காரருன்னுச்சு. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"ஊர்ல எல்லாரும் உன்னைப் பத்தி நல்லதுதான் சொன்னாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். சொன்னது உன்ற காலு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு கெஞ்ச ஆரம்பித்தான். இரண்டு வருசம் தாங்கும் என்றான். அதற்குள் மில்லில் வேறு வேலை கற்றுக்கொள்வேன் என்றான். நான் தோள் போன ஷூட்டரின் கதையைச் சொன்னேன். இந்த மேனேஜர் உனக்கு நாற்காலி போட மாட்டார், படிப்பும் போய்க் காடும் போய் ரோட்டில் நிற்பாய் என்றேன்.

"நின்னா நான் நின்னுக்கறேனுங்க" என்றான். "அது என்ற பொளப்பு. அதை நீங்க எதுக்குங்க முடிவு பண்றீங்க?"

பார்த்ததைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், ஆட்டம் முதல் தரம், முட்டி ஆகாது என்றேன். ஈரோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். அவன் கால் ரொம்ப நன்றாக இருந்தது, ஆட்டம்தான் சுமார்.

பொங்கியண்ணனைப் பிறகு ஒருமுறை திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு என்றுதான் தோன்றியது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி ஓட்டலுக்குப் போகாமலே படுத்துவிட்டேன்.

சில வருசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராபுரத்தில் ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஏறின ஒரு அம்மாள் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என்னை உற்றுப் பார்த்தாள். முத்தாத்தாள்.

"காடை கூட்டத்துக்காரருதானுங்க நீங்க? எங்க ஊட்டுக்கு வந்திருந்தீங்களே."

ஆமாம் என்றேன். பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. அவள் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் பக்கமிருந்து பதிலே வராததில் முதலில் சங்கடப்பட்டாளாம். மகனும் அந்த வருசம் கொஞ்ச நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தானாம். ஏன் என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லையாம். காலேஜை முடித்துவிட்டு இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். முட்டி மட்டும் மழைக்காலத்தில் தொந்தரவு கொடுக்கிறது என்று, இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால், சாதாரணமாகச் சொன்னாள். அண்ணன் மகளையே கட்டி வைத்துவிட்டாளாம்.

"எங்க அண்ணனுக்கு வசதி பத்தாதுன்னுதானுங்க நானு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இப்பப் பாருங்க, அவன் காலுக்கு எண்ணெய் போட்டு உருவறதுக்கு அவளை உட்டா ஆளே இல்லீங்க. பேத்தி பொறந்து தவழுறா."

நான் யார், எதற்கு வந்தேன் என்று பூவாத்தாள் இவளிடம் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. இந்த அம்மாளுக்கு நான் இன்னமும் பெண்ணைப் பெற்றவன்தான்.

"ஏனுங்க, உங்க பொண்ணுக்கு எங்க அமைஞ்சுதுங்க?" என்று கேட்டாள்.

முன்பு அவள் ஊரில், பெண் வீட்டுக்காரன் இல்லை என்று எத்தனையோ பேரிடம் மறுத்தவன் நான். அன்றைக்கு மறுக்க முடியவில்லை. மறுக்க இஷ்டம் இல்லை என்பதுதான் சரி.

"கோயமுத்தூர்லீங்க" என்றேன்.

"நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க."

"நல்லா இருக்கோணும், சாமி" என்று சொல்லிவிட்டு, அவிநாசிபாளையத்தில் இறங்குகிறபோது மடியிலிருந்த கட்டைப் பாதியாகப் பிரித்து என் கையில் திணித்தாள். மரத்துக் காய்தான், வெலைக்கு வாங்கலீங்க, பொண்ணு ஊட்டுக்குப் போறப்பக் கொண்டு போய்க் குடுங்க என்றாள். பஸ் கிளம்பின பிறகும் ரோட்டோரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ராயபுரத்துக்கு வந்து படி ஏறினேன். கீழே மெசின் ஓடவில்லை. முருங்கைக்காயை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒற்றை ஆளுக்கு இத்தனை காய் எதற்கு? கீழே அலாவுதீன் வீட்டில் கொடுத்தால் சந்தோசமாக வாங்கிக்கொள்வார்கள். கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். மனசு வரவில்லை. என் பெண்ணுக்கென்று கொடுத்தது.